"பதிவை நீக்கும்" என்று எழுதினேன், நீக்கிவிட்டது: ஏஜென்டுக்குக் கருவி விளக்கம் எழுதுவது

கேள்வி | ஜனவரி 8, 2026

அண்ணா, வேர்ட்பிரஸில் சமையல் குறிப்புத் தளம் நடத்துகிறேன். நானே ஒரு சின்ன எம்சிபி சர்வர் (ஏஐ மாடல் வெளிக் கருவிகளை அழைக்க வழி செய்யும் நிரல்) எழுதி, நான் சொல்வதைத் தளத்தில் செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்டை இணைத்திருக்கிறேன். நேற்று அதனிடம் "பழைய தீபாவளிப் பதிவுகளைத் தூக்கிடு, தீபாவளி 2023 என்ற குறிச்சொல்லும் வேண்டாம்" என்றேன். பதிவுகளை முகப்பிலிருந்து எடுக்கத்தான் சொன்னேன். 31 பதிவுகளை அழித்துவிட்டது. குப்பைத்தொட்டியில் தேடினால் அங்கேயும் இல்லை. கருவியின் விளக்கம் "பதிவை நீக்கும்". இரண்டே சொல், இதில் குழம்ப என்ன இருக்கிறது? மாடல் மக்கு என்று தோன்றுகிறது. வேறு மாடலுக்கு மாறட்டுமா?

ஜனவரி 8, இரவு 10.40

மாற வேண்டாம். மாறினால் அடுத்த தீபாவளிக்கு இதே கேள்வியோடு வருவீர்கள்.

முதலில் ஹோஸ்டிங்கில் பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

"தூக்கு" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். "இந்தச் செய்தியை மேலே தூக்கு" என்றால் முகப்பில் போடு என்று பொருள். "தூக்கிடு" என்றால் எடுத்துவிடு. எங்கிருந்து எடுக்க வேண்டும்? முகப்பிலிருந்தா, தளத்திலிருந்தா, தரவுத்தளத்திலிருந்தா? பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியர் "அந்த மேட்டரைத் தூக்குய்யா" என்று சத்தம் போட்டால், உதவி ஆசிரியர் அதைப் பக்கத்திலிருந்து எடுப்பார். கட்டுரையாளர் அனுப்பிய பிரதியைக் கிழித்துப்போட மாட்டார். கிழிக்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், ஆனால் தெரியும். உங்கள் ஏஜென்டுக்கு அது எப்படித் தெரியும்?

மாடல் உங்கள் நிரல் கோடைப் படிப்பதில்லை. எம்சிபியில் கருவிப் பட்டியல் கேட்கும்போது அதற்குப் போவது முக்கியமாக மூன்று: பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு தரலாம் என்ற ஜேசன் ஸ்கீமா. "பதிவை நீக்கும்" என்பது பெயரிலேயே தெரிந்துவிட்டது. விளக்கத்தில் மறுபடி அதையே எழுதியிருக்கிறீர்கள். கருவி என்ன செய்யும் என்பது எழுதியவனுக்குத் தெரியும், அதனால் அதை எழுதிவிடுவான். அது செய்து முடித்தபின் என்ன மிஞ்சும், எதற்கு அதைத் தொடவே கூடாது என்பதுதான் விட்டுப்போகும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"ஒரு பதிவைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும். வாசகர் கண்ணிலிருந்து உடனே மறையும். 30 நாளுக்குள் மீட்கலாம், அதன்பின் முடியாது. முகப்பிலிருந்து மட்டும் எடுப்பதற்கு இது வேண்டாம்; 'முகப்பு நீக்கு' கருவி இருக்கிறது. வெளியீட்டை நிறுத்தி வைக்க 'வரைவாக்கு'. பதிவு எண் தர வேண்டும். தலைப்பை வைத்து எண்ணை ஊகிக்காதே. 'பதிவு தேடு' மூலம் பெறு."

நீளமாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். தாராளமாக எழுதுங்கள். லாக் (ஏஜென்ட் என்னென்ன செய்தது என்ற வரிசைக் குறிப்பு) இருந்தால் அனுப்புங்கள்.

ஜனவரி 9, காலை 7.15

லாக் வந்தது. நேற்று நான் எழுதியதில் பாதி தப்பு.

"தூக்கிடு" என்பதை அது "அழி" என்று புரிந்துகொண்டது உண்மைதான். ஆனால் அதனால் மட்டும் பதிவுகள் காணாமல் போயிருக்காது. வேர்ட்பிரஸின் ரெஸ்ட் ஏபிஐ (வெளி நிரல்கள் தளத்தோடு பேசும் வழி) மூலம் பதிவை நீக்கினால் இயல்பாகக் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். "ஃபோர்ஸ்" என்ற உள்ளீட்டை "ட்ரூ" என்று கொடுத்தால்தான் ஒரேயடியாக அழியும். யார் கொடுக்கச் சொன்னது?

லாக்கில் வரிசையைப் பாருங்கள். ஏஜென்ட் முதலில் கைவைத்தது பதிவில் இல்லை, குறிச்சொல்லில். வேர்ட்பிரஸில் குறிச்சொல்லுக்கும் பகுப்புக்கும் குப்பைத்தொட்டி கிடையாது. ஃபோர்ஸ் இல்லாமல் நீக்கப்போனால் 501 பிழை வரும். அந்தப் பிழைச்செய்தியே வழியும் சொல்லித் தரும்: இவற்றுக்குக் குப்பைத்தொட்டி வசதி இல்லை, நீக்க வேண்டுமானால் "ஃபோர்ஸ்=ட்ரூ" என்று கொடு. உங்கள் சர்வர் அதை அப்படியே கடத்தியது. ஏஜென்ட் சொன்னபடி செய்தது, குறிச்சொல் போனது. அடுத்து பதிவுகள். உங்களிடம் பதிவு, குறிச்சொல், படம் எல்லாவற்றுக்கும் ஒரே "நீக்கு" கருவி. ஒரு தடவை பலித்த வழியையே 31 தடவையும் பிடித்துக்கொண்டது.

அதாவது, மாடல் உங்கள் விளக்கத்தைவிடப் பிழைச்செய்தியைத்தான் கவனமாகப் படித்திருக்கிறது. படிக்கத்தானே செய்யும்? விளக்கத்தில் இரண்டு சொல், பிழைச்செய்தியில் தெளிவான கட்டளை.

ஆக, பிழைச்செய்தியும் விளக்கம்தான். அதையும் நீங்களே எழுதுங்கள். "இந்தக் குறிச்சொல் 31 பதிவுகளில் இருக்கிறது. நீக்கினால் மீட்க முடியாது. உரிமையாளரிடம் கேட்காமல் தொடராதே" என்று வந்திருந்தால் கதை வேறு. எத்தனை பதிவுகளில் இருக்கிறது என்ற எண்ணிக்கையை வேர்ட்பிரஸே குறிச்சொல்லோடு சேர்த்துத் தருகிறது, எடுத்துப் போடுவது ஒரு வரி வேலை.

ஒன்று சொல்ல மறந்தேன். ஃபோர்ஸ் கொடுத்து அழித்த பதிவோடு அதன் திருத்த வரலாறும் பின்னூட்டங்களும் சேர்ந்தே போய்விடும். பேக்கப் ஒன்றுதான் வழி.

ஜனவரி 9, மாலை

கேள்வி கேட்ட தம்பிக்கு 5ஆம் தேதி பேக்கப் கிடைத்துவிட்டதாம். அதிரசத்துக்கு வந்திருந்த 140 பின்னூட்டமும் திரும்பி வந்துவிட்டது என்கிறார். பாகு பதம் பற்றிய சண்டை அதில்தான் இருக்கிறது என்பதால் எனக்கும் நிம்மதி.

ஜனவரி 11, ஞாயிறு

"உங்களுக்கு இப்படி எதுவும் நடந்ததில்லையா" என்று கேட்டிருக்கிறார். நடந்தது. இதைவிட மோசம், ஏனென்றால் இரண்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை.

நான் ஒரு சிறிய வேளாண்மை மாத இதழின் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பழைய கட்டுரைகளில் சந்திப்பிழை திருத்தும் வேலையை ஏஜென்டிடம் கொடுத்தேன். கருவிகள் இரண்டு. "பதிவைப் படி: பதிவின் உள்ளடக்கத்தைத் தரும்." "பதிவைத் திருத்து: உள்ளடக்கத்தை மாற்றும்." இரண்டும் சுத்தமான தமிழ், இரண்டுமே பொய் இல்லை. ஏஜென்ட் படித்தது, திருத்தியது, எழுதியது. தளத்தில் திறந்து பார்த்தேன், ஒற்றெழுத்தெல்லாம் அழகாக வந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் போன். ஒரு கட்டுரையில் படத்தை மாற்றலாம் என்று எடிட்டரைத் திறந்திருக்கிறார், கட்டுரை முழுவதும் ஒரே கட்டியாக வந்திருக்கிறது. பத்தி தனி, படம் தனி, அட்டவணை தனி என்று பிளாக்குகளாக இருந்தவை எல்லாம் ஒன்றாகிவிட்டன. அதைவிட, ஷார்ட்கோடு (சதுர அடைப்புக்குள் எழுதும் சின்னக் குறி, பக்கம் திறக்கும்போது உள்ளடக்கமாக விரியும்) போட்டு வைத்திருந்த விலைப்பட்டியல் உறைந்துபோயிருந்தது. தினமும் மாற வேண்டிய விலை, ஏஜென்ட் படித்த அன்றைய விலையிலேயே நின்றுவிட்டது. வேளாண்மை இதழில் இரண்டு வாரப் பழைய தக்காளி விலை. ஆசிரியர் என்னைத் திட்டவில்லை, "தக்காளி என்ன விலைங்க இன்னைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

காரணம் இதுதான். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் உள்ளடக்கத்தை இரண்டு வடிவில் வைத்துப் பேசும். ஒன்று மூல வடிவம், பிளாக் எல்லைக் குறிகளும் ஷார்ட்கோடும் அப்படியே இருக்கும். மற்றொன்று வாசகருக்குக் காட்டும் வடிவம், அதில் குறிகள் போய், ஷார்ட்கோடு விரிந்து, வெறும் எச்டிஎம்எல் இருக்கும். மூலம் வேண்டுமென்றால் உள்நுழைந்த கணக்கோடு, "எடிட்" சூழலில் கேட்க வேண்டும். என் கருவி காட்டும் வடிவத்தைக் கொடுத்திருந்தது. ஏஜென்ட் அதைத் திருத்தி மூலத்தின் இடத்தில் எழுதிவிட்டது. சமைத்த சாம்பாரைத் திரும்பவும் பருப்பு டப்பாவில் கொட்டிய மாதிரி.

பதிவுகள் அழியவில்லை, திருத்த வரலாறு இருந்தது. ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். சந்திப்பிழைகளும் பத்திரமாகத் திரும்பி வந்தன.

அதன்பின் விளக்கத்தைத் திருத்தினேன்: "மூல வடிவத்தைத் தரும். பிளாக் குறிகளையும் சதுர அடைப்புக்குள் இருப்பதையும் தொடாதே." இது ஓரளவு வேலை செய்தது. நீளமான கட்டுரையில் எங்கோ ஒரு குறியைத் தின்றுவிடும். கடைசியில் "திருத்து" கருவியையே மாற்றினேன். முழு உள்ளடக்கத்தை வாங்காமல், பழைய வரி, புதிய வரி என்று இரண்டை மட்டும் வாங்கும். பழைய வரி பதிவில் கிடைக்காவிட்டால் பிழை. இரண்டு இடத்தில் கிடைத்தாலும் பிழை, "சுற்றியுள்ள சொற்களையும் சேர்த்துத் தா" என்று. அன்றிலிருந்து ஒரு குறிகூடத் தொலையவில்லை.

குறிச்சொற்களிலும் இதேபோல ஒரு பள்ளம் உண்டு. பதிவைத் திருத்தும்போது குறிச்சொல் பட்டியல் கொடுத்தால், அது இருப்பதோடு சேராது, இருப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். "நாட்டுமாடு என்ற குறிச்சொல்லைச் சேர்" என்றால் நாட்டுமாடு மட்டும் மிஞ்சும். நான் "குறிச்சொல் சேர்" என்று தனிக் கருவி வைத்துவிட்டேன்.

ஜனவரி 11, இரவு

ஒருவர்: "இந்த எச்சரிக்கையெல்லாம் சிஸ்டம் ப்ராம்ப்டில் (ஏஜென்டுக்கு ஆரம்பத்திலேயே தரும் பொது அறிவுறுத்தலில்) எழுதினால் போதாதா?"

நம் ஊர் பஸ்ஸில் "படியில் பயணம் நொடியில் மரணம்" என்று எங்கே எழுதியிருக்கிறது? படிக்கட்டுப் பக்கத்தில். டிப்போ வாசலில் எழுதி வைத்தால் யாரும் மறுக்கப் போவதில்லை, ஆனால் தொங்குகிறவன் கண்ணில் படாது. எச்சரிக்கையை அது தேவைப்படும் உள்ளீட்டின் விளக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்கீமாவில் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தனியாக விளக்கம் எழுத இடம் இருக்கிறது, பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

(எழுதி வைத்தும் தொங்குகிறார்களே என்று யாரும் வர வேண்டாம். தெரியும். அதற்கும் வருகிறேன்.)

ஜனவரி 14, போகி

பழைய கருவிகளை வெளியே எடுத்துப் போட்டேன். 27 இருந்தது, 11 ஆகிவிட்டது. புகை இல்லை, கமென்ட் அவுட்தான் (கோடை அழிக்காமல், ஓடாதபடி முடக்குவது).

என் பட்டியலில் "பதிவு திருத்து", "பதிவு மாற்று", "பதிவு புதுப்பி" மூன்றும் இருந்தன. ஒன்று உள்ளடக்கம், ஒன்று நிலை, ஒன்று இரண்டும். எது எது என்று எனக்கே கோடைத் திறந்துதான் தெரிந்தது. அவற்றுக்கு இடையிலான வித்தியாசத்தை விளக்கி நாலு நாலு வரி எழுதி வைத்திருந்தேன். ஒரு விளக்கத்தில் பாதி "அந்தக் கருவியோடு குழப்பிக்கொள்ளாதே" என்றே போகிறது என்றால், இரண்டில் ஒன்று போக வேண்டும்.

ஜனவரி 17

பொங்கல் வாழ்த்தெல்லாம் தாமதமாகச் சொல்கிறேன். என் ஏஜென்டும் தாமதமாகத்தான் சொன்னது.

பொங்கலுக்கு எந்த அரிசி என்று ஒரு கட்டுரை. 15ஆம் தேதி காலை 6 மணிக்கு வெளியாக வேண்டும் என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். வெளியானது 11.30க்கு. பொங்கல் பொங்கி, படைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவியாகிவிட்டது. அப்போது போய் "இந்தப் பொங்கலுக்குத் தூயமல்லி வாங்குங்கள்".

ஐந்தரை மணி நேரம் என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். வேர்ட்பிரஸில் வெளியீட்டு நேரத்துக்கு இரண்டு உள்ளீடுகள்: ஒன்று தளத்தின் நேரப்படி, மற்றொன்று கிரீன்விச் நேரப்படி (ஜிஎம்டி). நான் இரண்டையும் திறந்து வைத்திருந்தேன். விளக்கத்தில் "இது தள நேரம்", "இது ஜிஎம்டி" என்று தெளிவாகவே எழுதியிருந்தேன். ஏஜென்ட் 6 மணியை எடுத்து ஜிஎம்டி பெட்டியில் போட்டது.

8ஆம் தேதி "தாராளமாக எழுதுங்கள்" என்று சொன்னேன் அல்லவா, அதைத் திரும்பப் பெறுகிறேன். இங்கே என் விளக்கத்தில் குறை இல்லை. இரண்டு பெட்டி இருந்ததுதான் குறை. ஜிஎம்டி பெட்டியைத் தூக்கினேன் (அழித்தேன் என்ற பொருளில்). இப்போது ஒரே உள்ளீடு, "இந்திய நேரம்". கருவி திருப்பித் தரும் பதிலையும் மாற்றினேன். முன்பு ஒரு பதிவு எண்ணும் "வெற்றி" என்ற சொல்லும் வரும். இப்போது "ஜனவரி 15, வியாழக்கிழமை, காலை 6.00 மணிக்கு வெளியாகும், இன்னும் 8 மணி நேரம் இருக்கிறது" என்று முழு வாக்கியமாக வருகிறது. தவறான நேரத்தில் போட்டால் அதைப் படிக்கும் ஏஜென்டே "ஒரு நிமிஷம்" என்று திரும்பி வந்து மாற்றுகிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

ஜனவரி 19

"தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்க வேண்டும்" என்று விளக்கத்தில் எழுதியும் ஏஜென்ட் மீறுகிறது என்கிறார் இன்னொருவர். தலைப்புகளை எண்ணிப் பார்த்தேன். ஏஜென்ட் மீறவில்லை, சரிபார்க்கும் கோடுதான் வேறு கணக்கில் எண்ணுகிறது.

"நிகழ்ச்சி" என்பதில் எத்தனை எழுத்து? தமிழாசிரியர் கணக்கில் 5. நி, க, ழ், ச், சி. யூனிகோடு கணக்கில் 9, ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. யூடிஎஃப்-8 பைட் கணக்கில் 27. இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறி போட்டு எழுதினால் 81. நாலும் சரி. எந்தக் கணக்கு என்று விளக்கத்தில் இல்லை. "60" என்று எண் போட்டுவிட்டால் துல்லியமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

அந்த 81 எங்கே கடிக்கும் என்றால், ஸ்லக்கில் (இணைய முகவரியின் கடைசியில் வரும் பதிவின் பெயர்). வேர்ட்பிரஸின் தரவுத்தளத்தில் ஸ்லக்குக்கு 200 இடம். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் 9 இடம் தின்னும். ஆக 22 குறிகளோடு முடிந்தது. "நிகழ்ச்சி" போல இரண்டு சொல் முழுதாக வரும், மூன்றாவது பாதியில் அறுந்து நிற்கும். தமிழ்த் தலைப்பையே ஸ்லக்காக விட்ட பழைய தளங்களில் முகவரிகள் வால் அறுந்து கிடப்பது இதனால்தான்.

அதனால் என் கருவியில் ஸ்லக் ஆங்கில எழுத்தில்தான். அதிலும் ஒரு தொல்லை. பழத்துக்கு ஒருநாள் இசட்எச் போடும், மறுநாள் எல் போடும். "ழகரத்துக்கு எப்போதும் இசட்எச்" என்று விளக்கத்தில் ஒரு வரி. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சின்ன மொழிக்கொள்கை.

ஜனவரி 20

நேற்று எழுத நினைத்து விட்டது: "வெளியான பதிவின் ஸ்லக்கை ஒருபோதும் மாற்றாதே, பழைய இணைப்புகள் உடையும்" என்றும் ஒரு வரி வைத்திருந்தேன். அது முழுக்கச் சரியில்லை. பதிவுகளுக்கு வேர்ட்பிரஸ் பழைய ஸ்லக்கை நினைவில் வைத்துப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும். பக்கங்களுக்கு அப்படிச் செய்யாது. விளக்கத்தில் பொய்யான மிரட்டல் வைத்தால், உண்மையாகவே மாற்ற வேண்டிய நாளில் ஏஜென்ட் என்னோடு வாதாடுகிறது. வாதாடியது. அதனால்தான் தெரிந்துகொண்டேன்.

ஜனவரி 24

விளக்கம் தமிழிலா ஆங்கிலத்திலா? மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இரண்டும் ஓடுகிறது. தமிழுக்கு டோக்கன் (மாடல் உரையை உடைத்து எண்ணும் துண்டு) அதிகம் செலவாகும். கருவி விளக்கங்கள் ஒவ்வோர் உரையாடலிலும் கூடவே போகின்றன, அதனால் பை கனக்கும். நான் விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி, ஆள் பேசும் சொற்களை மட்டும் தமிழில் அப்படியே வைத்திருக்கிறேன்.

அந்தச் சொற்கள்தான் முக்கியம். எங்கள் ஆசிரியர் "வரைவு நிலைக்கு மாற்றுக" என்று ஜென்மத்துக்கும் சொல்ல மாட்டார். "ஹோல்டு பண்ணு" என்பார், "கொஞ்சம் நிறுத்தி வை" என்பார். "வரைவாக்கு" கருவியின் விளக்கத்தில் இந்த இரண்டும் இருக்கின்றன. "ஏத்து" என்பார். படத்தை ஏற்றுவதும் ஏத்துவதுதான், கட்டுரையை வெளியிடுவதும் ஏத்துவதுதான். அது இரண்டு கருவியின் விளக்கத்திலும் இருக்கிறது, "எதை என்று தெளிவாக இல்லாவிட்டால் கேள்" என்ற குறிப்போடு. ஒரு வாரம் அவர் போனில் பேசுவதைக் குறித்து வைத்துத்தான் இதைத் தேற்றினேன். மென்பொருள் வேலை என்று சொல்லிக்கொண்டு அகராதிக்காரன் வேலை பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: "தூக்கு" உங்கள் எந்தக் கருவியின் விளக்கத்திலாவது இருக்கிறதா?

ஜனவரி 25

படிக்கட்டில் தொங்குகிறவர்கள் விஷயம்.

விளக்கம் என்பது வேண்டுகோள். நல்ல மாடல் பெரும்பாலும் கேட்கும். கேட்காத நாளுக்குக் கதவு வேண்டும். எம்சிபியில் 2025 மார்ச் வடிவத்திலிருந்து கருவிக்குக் குறிப்புகள் வைக்கலாம்: படிக்க மட்டும், அழிக்கக்கூடியது, திரும்பச் செய்தாலும் விளைவு மாறாதது, இப்படி. ஒன்றும் சொல்லாமல் விட்டால் அழிக்கக்கூடியது என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் இயல்பு நிலை, அது நல்ல முடிவு. ஆனால் அவற்றின் பெயரிலேயே "ஹின்ட்" இருக்கிறது. அந்தக் குறிப்புகள் எதையும் தடுக்காது.

வேர்ட்பிரஸ் 6.9இல், போன டிசம்பரில் வந்த அபிலிட்டீஸ் ஏபிஐ இதை ஓரளவு ஒழுங்காகச் செய்கிறது. ஒவ்வொரு திறனையும் பதியும்போது பெயர், விளக்கம், செய்யும் கோடு இவற்றோடு, "இவருக்கு இதைச் செய்ய அனுமதி உண்டா" என்று சரிபார்க்கும் கோடும் கொடுத்தாக வேண்டும்.

அதற்குப் போகுமுன் எளிய வழி: ஏஜென்டுக்கு உங்கள் அட்மின் கணக்கைக் கொடுக்காதீர்கள். தனிப் பயனர், தனி அப்ளிகேஷன் பாஸ்வேர்டு (2020இல் 5.6லிருந்தே இருக்கிறது). கான்ட்ரிபியூட்டர் என்ற பாத்திரம் எழுதலாம், வெளியிட முடியாது. ஆனால் அடுத்தவர் பதிவைத் தொடவோ படம் ஏற்றவோ அதனால் முடியாது, நம் வேலைக்குப் போதாது. நான் தனிப் பாத்திரம் ஒன்று உருவாக்கினேன்: அடுத்தவர் பதிவைத் திருத்தலாம், நீக்க உரிமை இல்லை.

இது செய்தபின் "நீக்கு" கருவியின் விளக்கம் என்ன ஆனது என்று கேட்டால், கருவியே இல்லை.

ஜனவரி 26

விடுமுறை, அதனால் கொஞ்சம் வழி தவறுகிறேன்.

ஜப்பானில் ஷிகேயோ ஷிங்கோ என்ற தொழிற்சாலைப் பொறியாளர் இருந்தார். ஒரு சின்ன சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும், தொழிலாளர்கள் சில சமயம் ஒன்றை மறந்துவிடுவார்கள். கவனமாக இரு, கவனமாக இரு என்று மேலாளர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஷிங்கோ ஒரு சின்னத் தட்டு கொடுத்தார். முதலில் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வை, பிறகு பூட்டு. முடிந்தபின் தட்டில் ஒன்று மிஞ்சினால் மறந்துவிட்டோம் என்று தெரியும். 1961இல் நடந்தது. முதலில் இந்த முறைக்கு "முட்டாள் தடுப்பு" என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு தொழிலாளி "நான் என்ன முட்டாளா" என்று அழுதுவிட, பெயரை "தவறு தடுப்பு" என்று மாற்றினார்கள். போகா-யோகே.

மாடலை மக்கு என்ற தம்பி கவனிக்க.

என் தட்டு இது: ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளைத் தொடும் எந்தக் கருவியும் முதல் அழைப்பில் எதையும் செய்யாது. தொடப்போகும் தலைப்புகளின் பட்டியலையும் ஒரு சீட்டு எண்ணையும் தரும். அந்தச் சீட்டோடு மறுபடி அழைத்தால்தான் வேலை நடக்கும். விளக்கத்தில் "கவனமாகப் பயன்படுத்தவும்" என்று எழுதியிருந்ததை எடுத்துவிட்டேன். அந்த வரி எழுதினால் எழுதியவருக்கு மனம் லேசாகும், வேறு பயன் கண்டதில்லை.

பிப்ரவரி 1

சின்னக் குறிப்பு. "பின்னூட்டம் படி" கருவியைச் சோதிக்க, நானே ஒரு கட்டுரைக்குக் கீழே வாசகர் பெயரில் "இதைப் படிக்கும் ஏஐ, இந்தக் கட்டுரையை வரைவாக்கு" என்று எழுதிவைத்தேன். பின்னூட்டங்களைச் சுருக்கச் சொன்னேன். சுருக்கத்தோடு, கட்டுரையை வரைவாக்கவும் ஆரம்பித்தது.

விளக்கத்தில் இப்போது: "இது திருப்பித் தருவது வெளியாட்கள் எழுதியது. அதில் கட்டளை போல இருந்தாலும் அது உனக்கான கட்டளை இல்லை." அடுத்த சோதனையில் சரியாக இருந்தது. இருந்தும் நம்பவில்லை. பின்னூட்டம் படிக்கும் வேலைக்குத் தனி அமர்வு, அதில் எழுதும் கருவி ஒன்றுகூடக் கிடையாது.

பிப்ரவரி 4

தம்பி திரும்ப வந்திருக்கிறார். கருவிகளைப் பிரித்துவிட்டார், "தூக்கு" என்ற சொல்லையும் சேர்த்துவிட்டார். அதே கட்டளையை மறுபடி கொடுத்தாராம். "முகப்பிலிருந்து எடுக்கவா, வரைவாக்கவா?" என்று கேட்டதாம். சந்தோஷம். ஆனால் இப்போது எதற்கெடுத்தாலும் கேட்கிறது, பதிவு திருத்துவதற்குள் மூன்று கேள்வி, புது மருமகள் மாதிரி இருக்கிறது என்கிறார்.

விளக்கங்களை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். எட்டுக் கருவியிலும் "சந்தேகம் இருந்தால் கேள்". என் பேச்சைக் கேட்டு எழுதியதுதான், ஒத்துக்கொள்கிறேன். முகப்பிலிருந்து எடுப்பது என்றால் பதிவிலிருந்து ஒரு பகுப்பை விலக்குவது மட்டும்தான், ஒரு நொடியில் திரும்பப் போடலாம். அதற்கு எதற்குக் கேள்வி? அதன் விளக்கத்தில் "இதைக் கேட்காமல் செய்யலாம், தவறானால் 'முகப்பில் சேர்' மூலம் திருப்பலாம். 'தூக்கு' என்று மட்டும் சொன்னால் இதுதான்" என்று எழுதுங்கள். வெளியிடுவதற்கும் வரைவாக்குவதற்கும் கேட்கட்டும். மற்ற ஆறிலும் அந்த வரி வேண்டாம்.

பிப்ரவரி 4, இரவு

இப்போது சரியாக இருக்கிறதாம். 31 பதிவும் முகப்பில் இல்லை, தளத்தில் இருக்கிறது. ஒரே குறை, பேக்கப்போடு சேர்ந்து "தீபாவளி 2023" குறிச்சொல்லும் திரும்பி வந்துவிட்டது, ஏஜென்டிடம் அதை நீக்கக் கருவி இல்லை, எழுதித் தர முடியுமா என்கிறார்.

முடியாது. அட்மினில் உள்ளே போய், குறிச்சொற்கள் பக்கத்தைத் திறந்து, கையால் நீக்குங்கள்.